பழுதென்று சொல்லும் விளக்கு

சில ஆண்டுகளின் முன் விடைத்தாள் திருத்தும் பணியின் பொருட்டுக் கொழும்புக்குச் சென்றிருந்த காலத்தில், ஆசிரியர் பலரோடு ஒரு விடுதியில் தங்க நேர்ந்தது. விடுதியின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. நான்கு மாடிக் கட்டடம். நாங்கள் அறுபது பேரளவில் அங்கே உறங்கினோம். மழைக்காலம். முதல்நாள் நள்ளிரவில் சிள்வண்டின் ஒலிபோல ஒரு மெல்லிய கூவல் இடையறாது கேட்டது. நித்திரை வாராமையின் எழுந்து, ஒலியைத் தொடர்ந்து வாசல்வரை வந்தேன். சுவரிலே சிவப்புநிறப் பெட்டி ஒன்று. அதன் முகத்தில் மஞ்சள் விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் அருகே, நாற்காலியில் இருந்தபடி, காவலாளி கண்ணயர்ந்திருந்தார்.

என் காலடி கேட்டு அவர் விழித்தார்.

"தம்பி, இது என்ன ஒலி?" என்றேன்.

"ஐயா, உது நெருப்பு மணியில்லை, பழுது மணி. பயப்பிடாதேங்கோ. உந்தப் பொத்தானை அமத்தினால் பேசாமல் கிடக்கும்" என்று சொல்லி எழுந்து, ஒரு பொத்தானை அழுத்தினார். கூவல் நின்றது. விளக்கு நிற்கவில்லை.

"எத்தனை நாளாக இப்படி?"

"மழை துவங்கின நாளிலையிருந்து, ஐயா. நான் அமத்திக்கொண்டுதான் இருக்கிறன்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அது நெருப்பு மணியன்று. ஆயினும் அன்றிரவு முழுதும் எனக்கு உறக்கம் வரவில்லை. நெருப்பு மணியன்றாயின், அது வேறென்ன? யாரை நோக்கி, எதனைச் சொல்லுகின்றது? இவ்வினாவைப் பின்னர் மின்தொழில் அறிந்த நண்பர்களிடம் கேட்டும், அத்துறை நூல்களைப் பயின்றும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகின்றேன். பாடசாலை, விடுதி, நூலகம், மண்டபம் என்று மக்கள் கூடும் இடங்களைக் காக்கும் பொறுப்பு ஆசிரியருக்கும் உரியதாதலின், இஃது அவர்கள் அறியவேண்டிய செய்தியென்று கருதுகின்றேன்.

தீயறிவிப்புப் பெட்டிக்கு மூன்று குரல்கள் உண்டு. முதலாவது தீக்குரல். புகையுணரியோ வெப்பவுணரியோ தீயை உணர்ந்தாலும், சுவரிலுள்ள அழைப்புப் பொறியை ஒருவர் அமுக்கினாலும் இது எழும். இதற்குரிய விளக்குச் சிவப்பு. இரண்டாவது, தீயணைக்கும் துணைக்கருவிகளின் நிலைமையை உரைப்பது. கூரையிலிருந்து நீர் தூவும் குழாயின் வால்வை யாரேனும் மூடிவிட்டால், "நீர் வரும் வழி அடைபட்டது" என்று இது சொல்லும். மூன்றாவதே நாம் எடுத்துக்கொண்ட பழுதுக்குரல். பிரித்தானிய மரபினர் இதனை 'ஃபோல்ற்' என்பர். அமெரிக்கர் 'ட்ரபிள்' என்பர். இதற்குரிய விளக்கு மஞ்சள். "தீ உண்டு" என்று இது சொல்வதில்லை. "தீ உண்டாயின் அதனை உங்களுக்குச் சொல்ல என்னால் இயலாமற் போகலாம்" என்றே சொல்லுகின்றது. முதற்குரல் வெளியே உள்ள ஆபத்தை உரைப்பது. மூன்றாங்குரல் தன்னிடத்துள்ள குறையைத் தானே உரைப்பது. தன் குற்றத்தைத் தானே எடுத்துச் சொல்வது மனிதரிடத்தும் அரிது. அப்பண்பைப் பொறியிடத்து அமைத்து வைத்தார்கள் அறிவுடையோர்.

அஃது எவ்வாறு தன் குறையை அறிகின்றது? இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கின்றது. பழைய முறைப் பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்பட்டு, உணரிகளையெல்லாம் தொட்டுச் சென்று, கடைசி உணரியில் முடியும். அம்முடிவிலே ஒரு சிறு மின்றடையை வைத்திருப்பார்கள். அதன் வழியாக எந்நேரமும் மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று போய் மீண்டுகொண்டிருக்கும். தீயை உணர்ந்த உணரி அதிக மின்னோட்டத்தைச் செல்லவிடும். பெட்டி அதனைத் தீயென்று கொள்ளும். கம்பி எங்கேனும் அறுந்தாலோ, உணரியை அதன் அடித்தட்டிலிருந்து யாரேனும் கழற்றினாலோ, மின்னோட்டம் அற்றுப்போகும். பெட்டி அதனைப் பழுதென்று கொள்ளும். எனவே, நலம் என்பதற்கு அடையாளம் முழு அமைதியன்று. இடையறாத மெல்லிய பேச்சே. முற்காலத்து ஊர்காவலர் யாமந்தோறும் குரல்கொடுத்துச் செல்வதை எண்ணிப்பாருங்கள். கேட்கவேண்டிய வேளையில் அவர் குரல் கேளாதாயின், அக்கேளாமையே எச்சரிக்கையாகும் அன்றோ?

இக்கருத்துத் தீயறிவிப்புக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் 1872 ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற புகையிரதப் பாதை மின்சுற்றும் இதே அடிப்படையில் அமைந்தது. தண்டவாளத்தில் எந்நேரமும் மின்னோட்டம் நிகழும். வண்டி அதன்மேல் ஏறினாலும், தண்டவாளம் உடைந்தாலும், மின்கலம் ஓய்ந்தாலும், சமிக்ஞை ஆபத்தையே காட்டும். ஐயம் வந்தவிடத்து ஆபத்தென்று கொள்க என்பதே அவ்வமைப்பின் அறம்.

இக்காலப் புதுமுறைப் பெட்டிகள் இன்னும் நுட்பமானவை. ஒவ்வோர் உணரிக்கும் ஓர் எண் உண்டு. வகுப்பில் ஆசிரியர் வரவுப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது போல, பெட்டி ஒவ்வோர் எண்ணையும் இடைவிடாது கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மறுமொழி தாராத எண்ணை முகப்பில் எழுதிக் காட்டும். பழுது நேர்ந்தால் 100 செக்கனுக்குள் அறிவித்தல் வேண்டுமென்பது ஐரோப்பிய நியமம். அமெரிக்க நியமம் 200 செக்கன் என்கின்றது.

பழுதுகளுட் பெரும்பாலானவை சிலவற்றுள் அடங்கும். பிரதான மின்சாரம் நின்றுபோதல் ஒன்று. அப்போது பெட்டி தன்னுள்ளிருக்கும் பற்றரியால் உயிர் வாழும். பற்றரி தளர்தல் மற்றொன்று. பெரும்பாலும் 12 வோல்ற்று ஈயவமிலப் பற்றரிகள் இரண்டைத் தொடுத்து 24 வோல்ற்றாக வைத்திருப்பார்கள். அவை சில ஆண்டுகளே உழைக்கும், வெப்பம் மிக்க அறையில் அதனினும் குறைவாகவே உழைக்கும். உணரி கழன்றுபோதலும், தூசு படிந்து கெடுதலும் வேறொரு வகை. மணிகளுக்குச் செல்லும் கம்பி அறுதல், தீயணைப்பு நிலையத்துக்கோ கண்காணிப்பு நிலையத்துக்கோ செய்தி கொண்டுசெல்லும் தொலைபேசி வழி அறுதல் என்பனவும் உள. இறுதியாகப் புவித்தொடுப்புப் பழுது என்பதொன்றுண்டு. கம்பியின் உறை கிழிந்து, கட்டடத்தின் இரும்போடோ ஈரச்சுவரோடோ தொடர்புறுதலால் நேர்வது அது. இது மழை பெய்யும்போது தோன்றும். சுவர் உலர்ந்ததும் மறையும். மறைந்துவிட்டதென்று மனிதர் மறந்துவிடுவர். ஒரு புவித்தொடுப்பு இருக்கும்போதே மற்றோரிடத்தில் இன்னொன்று நேருமாயின், அவ்வழி முழுதுமே செயலற்றுப் போகக்கூடும். "மழை துவங்கின நாளிலையிருந்து" என்று காவலாளி சொன்ன சொல்லின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கிற்று. நோயின் பெயரை அவர் அறியாதிருந்தும், நோய்க்குறியைச் சரியாகவே சொல்லியிருந்தார்.

மின்சாரம் நின்றபின்னும் பெட்டி 24 மணி நேரம் காவல் செய்து, அதன் முடிவிலும் மணியடிக்கும் வலிமையுடையதாக இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க நியமம். பிரித்தானிய நியமமும் உயிர்காக்கும் அமைப்புகளுக்கு அவ்வளவே பொதுவாகச் சொல்லுகின்றது. ஆனால் 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவர் மறப்பர்? வெறுமையான பற்றரியை 24 மணி நேரத்தில் 80 வீதம் நிரப்பினாற் போதும் என்பதே ஐரோப்பிய நியமத்தின் அளவு. 13 மணி நேரம் கொடுத்து, எஞ்சிய 11 மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு, மறுநாளும் அவ்வாறே உழைத்த பற்றரியின் நிலை என்னாகும்? அக்காலத்தில் நாடெங்கும் எத்தனையோ பெட்டிகள் மஞ்சள் விளக்கேற்றி முறையிட்டிருத்தல் வேண்டும். மின்சாரம் மீண்டபின் அப்பற்றரிகளைச் சோதித்துப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

'பழுது' என்னும் சொல்லை நாம் இன்று குற்றம், கேடு என்னும் பொருளிலே வழங்குகின்றோம். தொல்காப்பியர் உரியியலில் அச்சொல்லுக்குக் கூறிய பொருளோ பயனின்மை என்பது. இரண்டு பொருளும் இங்கே ஒருங்கே பொருந்துதல் வியப்பாக உள்ளது. பெட்டியில் முதலில் நேர்வது குற்றம். அதனைத் தீர்க்காது விட்டால், பெட்டியே பயனின்மை ஆகின்றது. முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்குச் செல்லும் வழியோ ஒரு பொத்தான் அளவினதே.

அப்பொத்தானைக் குறை கூறுதல் என் கருத்தன்று. ஒலியை அடக்கும் பொத்தானை அறிவுடையோரே அமைத்தனர். காதைத் துளைக்கும் ஒலியின் நடுவே மனிதர் அமைதியாகச் சிந்திக்க இயலாது. ஆதலின், "கேட்டேன்" என்று பெட்டிக்கு மறுமொழி சொல்லவே அது வைக்கப்பட்டது. ஒலி அடங்கினும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்படி செய்ததும், அடக்கிய ஒலி 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மீண்டும் எழல்வேண்டும் என்று அமெரிக்க நியமம் விதித்ததும் அதனாலேயே. 'கேட்டேன்' என்பது வேறு. 'தீர்த்தேன்' என்பது வேறு. வகுப்பறையில் "விளங்கிற்றா?" என்று கேட்டால், "ஓம்" என்று ஒருங்கே குரல் எழுப்பும் மாணவரை நாம் அறிவோம். அந்த "ஓம்" எவ்வளவு பெறுமதியுடையதோ, அவ்வளவே அழுத்திய பொத்தானும்.

பழுதைத் தீர்க்காமையால் வரும் கேடு இரண்டு. தீ வந்தபோது மணி அடியாமற் போதல் ஒன்று. இதனினும் நுண்ணியது மற்றொன்று: பழுதுற்ற அமைப்பு வேண்டாத வேளைகளில் மணியடித்து, மக்கள் அதனை நம்பாதவாறு பழக்கிவிடுதல். இரண்டாவதற்கு நூலை நேசிப்போர் அறியவேண்டிய ஒரு சான்றுண்டு.

அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மத்திய நூலகம் 1926 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே தீமணி பொய்யாக அடித்தல் வழக்கமாயிருந்தது. 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் 29 ஆந் தேதி முற்பகலில் மணி அடித்தபோதும், இதுவும் அத்தகையதே என்று எண்ணியவராய், பலர் தம் பொருள்களை மேசையிலேயே விட்டு வெளியேறினர். வந்த தீயணைப்பு வீரரும் முதலில் தீயைக் காணவில்லை, அமைப்பைப் பழைய நிலைக்கு மீட்க முயன்றனர், அது மீளவில்லை. பின்னரே நூலடுக்குகளிடையே புகை கண்டனர். ஏழு மணி நேரத்துக்கு மேலாக எரிந்த அத்தீயில் ஏறத்தாழ 4,00,000 நூல்கள் அழிந்தன. ஏறத்தாழ 7,00,000 நூல்கள் புகையாலும் நீராலும் சேதமுற்றன. உயிரிழப்பு நேராதது ஒன்றே ஆறுதல். நூலகம் மீண்டும் திறக்கப்பட 1993 ஆம் ஆண்டாயிற்று. நூலகம் எரிதல் என்றால் என்னவென்று நமக்கு எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு மனிதரே தீ வைத்தனர். அதனை எந்த மணியும் தடுத்திராது. ஆயினும், காவற்பொறியை வைத்திருந்தும் அதன் சொல்லை நம்பாதொழிந்தமையால் நூல்கள் எரியுமாயின், அஃது இன்னொரு வகைத் துயரம்.

நூல் மீண்டும் அச்சாகலாம், உயிர் மீளாது. அமெரிக்காவில் சீற்றன் ஹோல் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியொன்றில் 2000 ஆம் ஆண்டு சனவரி 19 ஆந் தேதி அதிகாலையில் தீப்பற்றியது. அதற்கு முந்திய மாதங்களில் பொய்மணிகள் பலமுறை அடித்திருந்தமையால், இதனையும் பொய்யென்று எண்ணிப் படுக்கையை விட்டு எழாத மாணவர் பலர். அன்று இறந்தோர் மூவர், மூவரும் இளமாணவர். மணி தன் கடமையைச் செய்தது. மணியின்மேல் இருந்த நம்பிக்கைதான் முன்னரே எரிந்து போயிருந்தது.

இனி, பெட்டி எழுதிக் காட்டுவதைச் சரியாகப் படித்தலும் ஒரு கடமை. பாரிசு நகரத்து நோத்ர்தாம் பேராலயத்தில் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆந் தேதி மாலையில் பெட்டி முதலில் தீயை அறிவித்தபோது, அதன் குறிப்பு உணர்த்திய இடம் தவறாகக் கொள்ளப்பட்டது. காவலர் பேராலயத்தின் கூரையறைக்குச் செல்லாமல், அயலிலுள்ள சிறு கட்டடத்துக்குச் சென்று, தீ இல்லையென்று கண்டார். தவறு தெரிந்து, படிகள் பலவற்றை ஏறி உண்மையான இடத்தை அடைவதற்குள் ஏறத்தாழ அரைமணி நேரம் கழிந்தது. பல நூற்றாண்டு பழமை வாய்ந்த ஓக்கு மரக்கூரை பற்றிக்கொண்டது. தன் மொழியிலேயே பெட்டியோடு பழகியோருக்கும் இந்நிலை நேருமாயின், நம் நாட்டில் என் நண்பரான அக்காவலாளியின் நிலை யாது? பெட்டி எழுதிக் காட்டியது ஆங்கிலம். அவர் படித்தது தமிழ். அவருக்கு முன்னர் அங்கிருந்தவர் சிங்களம் படித்தவராம். பொத்தான் எது என்பதை மட்டும் ஒருவர் மற்றவருக்குக் கையாற் காட்டிச் சென்றிருக்கின்றனர். குற்றம் காவலாளியினுடையதன்று. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடிதத்தைக் கையிற் கொடுத்துவிட்டு, மறுமொழி வரவில்லையே என்று சினப்பது நம் குற்றமே.

ஆதலின், பழுதுக்குரல் எழுந்தவிடத்துச் செய்யவேண்டியவற்றை எல்லோருக்கும் விளங்குமாறு ஒழுங்காகக் கூறுகின்றேன். முதலில், சிவப்பு விளக்கு எரிகின்றதா, மஞ்சள் விளக்கு எரிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். சிவப்பாயின் ஆராய்ச்சிக்கு இடமில்லை. மக்களை வெளியேற்றி, 110 என்னும் இலக்கத்துக்குத் தீயணைப்புப் படையை அழைத்தல் வேண்டும். மஞ்சளாயின், எப்பொத்தானையும் தொடுமுன் முகப்பில் எழுதியிருப்பதைத் தேதியோடும் நேரத்தோடும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். வாசிக்கத் தெரியாதாயின் கைத்தொலைபேசியாற் படமெடுத்தல் தகும். அதன்பின் ஒலியை அடக்கலாம். அடுத்து, கண்ணுக்குத் தெரியும் காரணங்களைத் தேடல் வேண்டும்: மின்சாரம் இருக்கின்றதா, பெட்டிக்குரிய ஆளியை யாரேனும் நிறுத்தினாரா, வர்ணம் பூச வந்தோர் உணரியைக் கழற்றினரா என்பன. உணரிக்குப் பொலித்தீன் பையை மூடி வைப்போரும் உளர். அப்போது கம்பி அறுவதில்லையாதலின் பெட்டி அதனைப் பழுதென்று பெரும்பாலும் அறிவதில்லை. ஆகவே, கண்ணாற் பார்த்தலே வேண்டும். பெட்டியைத் திறத்தல், பற்றரியைக் கழற்றுதல், ஒரு பகுதியைத் துண்டித்து விளக்கை அணைத்தல் ஆகியவற்றைத் தொழிலறிந்தோர் அன்றி ஏனையோர் செய்தல் ஆகாது.

பின்னர், பொறுப்பாளருக்கும் தொழில்வல்லுநருக்கும் அன்றே அறிவித்தல் வேண்டும். நாளைக்கு என்று ஒத்திப்போடுதல் கூடாது. பழுது தீருமளவும் பொறி செய்த காவலை மனிதர் செய்தல் வேண்டும். அமைப்பு 24 மணி நேரத்துள் 4 மணி நேரத்துக்கு மேல் செயலற்றிருப்பின், கட்டடத்தை வெறுமையாக்குதல் அல்லது மாடிதோறும் சுற்றிவரும் தீக்காவலரை நியமித்தல் வேண்டுமென்று அமெரிக்க நியமங்கள் விதிக்கின்றன. விதி இருப்பினும் இல்லாவிடினும், அறுபது பேர் உறங்கும் கட்டடத்தில் ஒருவர் விழித்து நடந்துகொண்டிருத்தல் பெரிய செலவன்று. இறுதியாக, திருத்தியபின் உணரியைச் சோதித்து, மணி அடிக்கின்றதா என்று காதாற் கேட்டு, அதனையும் புத்தகத்தில் எழுதிவைத்தல் வேண்டும். விளக்கு அணைந்தமை மட்டும் பழுது தீர்ந்தமைக்குச் சான்றாகாது.

திருக்குறளில், கேடு வருமுன் காவாதவன் வாழ்வுக்குத் தீயின்முன் வைத்த வைக்கோற்போரை உவமை கூறிய பாட்டு எவ்வதிகாரத்தில் உள்ளது என்று மாணவரைக் கேட்டுப்பாருங்கள். தீயைப் பற்றிய அவ்வுவமை குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்திலே அமைந்திருக்கின்றது. தீயைக் காக்கத் தொடங்கவேண்டிய இடம் தீயன்று; குற்றமே என்பதனை அவ்வைப்பு முறையே சொல்லாமற் சொல்லுகின்றது போலும்.

விடுதியில் மறுநாட் காலை என்ன செய்தேன் என்று கேட்பீராயின், பெரிதாக ஒன்றும் செய்தேனல்லேன். பொறுப்பாளரிடம் சென்று சொன்னேன். அவர் ஆவன செய்வதாகச் சொன்னார். உடன் தங்கிய ஆசிரியர்களுள் ஆங்கிலம் வல்லாரும் சிங்களம் வல்லாரும் இருந்தனர். நாங்கள் மூவரும் சேர்ந்து, பெட்டியில் உள்ள ஒவ்வொரு விளக்கும் சொல்வது என்ன, எழுதவேண்டியது எங்கே, அழைக்கவேண்டிய இலக்கம் எது என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளிற் பெரிய எழுத்தாக எழுதிப் பெட்டியின் அருகே ஒட்டினோம். அன்று மாலை கடமைக்கு வந்த காவலாளி அதன் முன் நெடுநேரம் நின்று படித்தார்.

"அப்ப உது இவ்வளவு நாளும் என்னட்டைத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கு, ஐயா" என்றார்.

அன்றிரவு கூவல் எழுந்தபோது அவர் பொத்தானை அழுத்துமுன் கொப்பியை எடுத்து எழுதினார். பின்னர் கைவிளக்கோடு படியேறினார். நான்காம் மாடிவரை அவர் காலடி ஓசை கேட்டது. அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே நான் உறங்கினேன்.